நான் முகர்ந்து பார்க்காத பிறஷ்

இவ்வருடத் தொடக்கத்தில் எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சிகையலங்கார நிலையங்கள் அனைத்துக்கும் ஓர் அறிவுறுத்தல் விடுத்தார். ஒருவருக்குப் பயன்படுத்திய சவரப் பிறஷை இன்னொருவருக்குப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். எங்கள் சங்கக் கூட்டத்தில் அது வாசிக்கப்பட்டபோது இளைய உறுப்பினர் பலரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிறஷை ஏற்கெனவே கைவிட்டு, தகரக் குழாயிலிருந்து பீய்ச்சும் நுரைக்கு மாறிவிட்டவர்கள். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது, கிளிநொச்சியில் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தார்.

"ஐயா, இனிப் பிறஷ் எண்டு ஒண்டு தேவையோ? ஆண்டு மலருக்கு அதைப் பற்றி ஒண்டு எழுதித் தாங்கோவன்" என்றார்.

கேள்வியில் ஒரு சிறு கேலி இருந்தது. இருக்கட்டும். கேட்டுவிட்டார், எழுதுகிறேன்.

அறிவுறுத்தல் சரியானது. அதனை எதிர்ப்பவனல்லன் நான். முல்லைத்தீவில் நான் நடத்திய கடையில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிறஷ் என்ற ஒழுங்கு, எந்த அதிகாரியும் சொல்வதற்குப் பல வருடங்கள் முன்பே நடைமுறையில் இருந்தது. பலர் இதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஒழுங்கு சுகாதாரத்தை எண்ணித் தொடங்கப்பட்டதன்று. நான் விட்ட ஒரு பிழையிலிருந்து தொடங்கியது. பாராட்டை வாங்கிக்கொண்டு பிழையை மறைப்பது எனக்கு ஒவ்வாது. ஆகவே அதனை இங்கு பதிவு செய்கிறேன்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் உயர்தரம் விஞ்ஞானப் பிரிவில் படித்தேன். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. தந்தையார் முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வந்தவர். காலையில் வயல், பின்னேரத்தில் சவரக் கத்தி. நான் வயலை விடுத்துக் கத்தியைத் தேர்ந்தேன். படித்தவன் இந்தத் தொழிலுக்கு வருவதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். என் தொழில் என்னவென்று சொல்லும்போது நான் ஒருநாளும் குரலைத் தாழ்த்தியதில்லை. வவுனியாவில் நான்கு வருடம் பயின்றேன். பின்னர் சொந்தக் கடை, இடப்பெயர்வு, மறுபடி கடை. உடையார்கட்டில் ஒரு பாலை மரத்தில் கண்ணாடியைக் கட்டித் தொங்கவிட்டும் தொழில் செய்திருக்கிறேன். அங்கும் நுரையில் குறை வைத்ததில்லை.

வவுனியாவில் எனக்கு முதலாளியாக இருந்தவர் சின்னத்துரை என்பவர். அவர் ஒருபோதும் ஏசமாட்டார். அவருடைய சோதனை வேறுவகையானது. நான் கிண்ணத்தில் நுரை கூட்டியதும், அதில் சிறிதெடுத்துத் தமது இடது புறங்கையில் வைத்துக்கொள்வார். பிறகு பத்திரிகையின் முதற் பக்கத்தை எடுத்து, தலைப்பிலிருந்து அடிவரை வாசிப்பார். வாசித்து முடித்ததும் புறங்கையை விரலால் தடவுவார். நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தால், எழுந்து சென்று கிண்ணத்திலிருந்ததை வாசலிலிருந்த கழிவுநீர்க் கானில் ஊற்றிவிட்டு, கழுவித் துடைத்து, என் கையில் தருவார். ஒரு சொல்லும் இராது. முதல் மாதத்தில் நான் கூட்டிய நுரையில் பெரும்பங்கு வவுனியாக் கானிலேயே ஓடியது. ஒருநாள் மட்டும் வாய் திறந்தார்.

"தம்பி, நீர் கூட்டினது குமிழி. குமிழியில கத்தி ஓடாது."

அந்த வேறுபாட்டைத்தான் குழாய் நுரைக்காரர்கள் அறியவில்லை. நல்ல நுரை மலைபோல் எழும்புவதன்று. கட்டித் தயிர்போல் அமர்வது. அதில் கண்ணுக்குத் தெரியும் குமிழி ஒன்றும் இருக்கலாகாது. பளபளப்பு இருக்க வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் விரல்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்க வேண்டும். அதற்கு முதலில் பிறஷை வெந்நீரில் ஊறவைத்து, இரு தரம் உதறி, சவர்க்காரத்தின் மேல் அழுத்தாமல் சுழற்ற வேண்டும். தொடக்கத்தில் வருவது வெறும் வெள்ளைக் குமிழி. அதைக் கண்டு நிறுத்துபவரே அதிகம். மேலும் சுழற்றினால் குமிழி அடங்கிப் பசையாகும். அந்தப் பசையைக் கிண்ணத்துக்கு மாற்றி, விரல் நுனியால் நீரைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். முகத்தில் முதலில் வட்டமாகத் தேய்த்து மயிரை நிமிர்த்திய பின், சுவருக்கு வெள்ளை அடிப்பதுபோல் நீளவாக்கில் இழுத்து மட்டம் செய்ய வேண்டும். கடைசிக் கத்தி வீச்சு வரையும் அந்த நுரை ஈரமாக நிற்க வேண்டும்.

வன்னியில் இதற்கு ஒரு பகை உண்டு. அது தண்ணீர். எங்கள் கிணறுகள் பெரும்பாலானவற்றில் இருப்பது வன்னீர். அதாவது சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீர். அதில் சவர்க்காரம் நுரைக்காது, திரையாகத் திரையும். இதன் காரணத்தை முதலாளி அறியமாட்டார். நான் கல்லூரியில் இரசாயனவியலில் படித்திருந்தேன். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் வெள்ளையாகப் படிவதைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் இறுத்தெடுத்தேன். மாரியில் மழைநீர் பிடித்துவைத்தேன். அன்று முதல் என் நுரை கானுக்குப் போகவில்லை. முதலாளி பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தையும் வாசித்துவிட்டுப் புறங்கையைத் தடவிப் பார்த்தார். பிறகு நான் நீர் கொதிக்கவைத்த கேத்தலை எனக்கென்று ஒதுக்கித் தந்தார். அவர் எனக்குச் செய்த ஒரே மரியாதை அதுதான். எனக்கு அது போதுமாயிருந்தது.

பிறஷ் தெரிவு செய்வதிலும் அவருக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. உள்ளங்கையில் அழுத்திப் பார்த்து முதுகெலும்பு, அதாவது விறைப்பு, இருக்கிறதா என்று அறிய வேண்டும். இழுத்துப் பார்த்து மயிர் கழலுகிறதா என்று அறிய வேண்டும். இறுதியாக நனைத்து முகர வேண்டும். பன்றி மயிரை நனைத்தால் அதற்கென்று ஒரு வாடை உண்டு. புதிதில் அதை மறைக்க இயலாது. அதன் நுனி பாவிக்கப் பாவிக்க இரண்டு மூன்றாகப் பிளந்து மென்மையடையும். விலையுயர்ந்தது பாட்ஜர் என்ற, நம் நாட்டில் இல்லாத ஒரு விலங்கின் மயிர். அது நடுவில் தடித்து, நுனியில் ஊசிபோல் மெலிந்து, முதல் நாளிலேயே மென்மையாக இருக்கும். முதலாளி பாட்ஜர் ஒன்று வைத்திருந்தார். நான் வாங்கியதில்லை.

போருக்குப் பின் முல்லைத்தீவுச் சந்தைக்கு அருகில் கடை திறந்தேன். இரண்டு பன்றி மயிர்ப் பிறஷ்களும் ஒரு நைலோன் பிறஷும் வைத்திருந்தேன். அந்நாள்களில், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் அகதியாக இருந்த முஸ்லிம் குடும்பங்கள் சில தமது ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவர்களில் ஒருவர் காதர் ஹாஜியார். நாயாற்றில் கருவாடு உலர்த்தும் வாடி வைத்திருந்தார். என் வயதுதான். தாடி வளர்த்தவர், கன்னத்தின் மேல்விளிம்பையும் கழுத்தையும் வழித்து, மீசையைக் குறுக்கிவிட வேண்டும். முதல் நாள் வந்து கதிரையில் அமருமுன், நின்றபடியே பிறஷ்களைப் பார்த்து, "இதுகள் என்ன மயிர், மாஸ்டர்?" என்று கேட்டார். படித்தவன் என்பதால் ஊரில் என்னை மாஸ்டர் என்பார்கள். அவர் ஏன் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. பன்றி அவர்களது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அதன் மயிர் ஈரத்தோடு உடம்பில் பட்டால் அந்த இடத்தைச் சுத்தப்படுத்தாமல் தொழக்கூடாது. உள்ளதைச் சொன்னேன். அவருக்கென்று நைலோனை எடுத்தேன். அவர் கதிரையில் அமர்ந்து கழுத்தை நிமிர்த்தித் தந்தார். அதன்பின் அவரைக் கண்டு இன்னும் நான்கு முஸ்லிம் வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.

நைலோன் நீரைப் பிடித்துவைக்காது. நுரை மெலிந்து போகும். ஹாஜியார் குறை சொன்னதில்லை. குறை எனக்குத்தான் தெரிந்தது.

இந்நிலையில்தான் ஜேர்மனியில் இருக்கும் என் மருமகன், என் தங்கையின் மகன், விடுமுறைக்கு வந்து ஒரு பெட்டி தந்தான். உள்ளே கறுப்புப் பட்டி ஓடிய மயிரோடு, எலும்பு நிறப் பிடி போட்ட ஒரு பிறஷ். பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் அசல் பாட்ஜர் என்றிருந்தது. "மாமா, இனி நீங்கள் வெளிநாட்டுக்காரருக்கும் சேவ் எடுக்கலாம்" என்றான். அன்பளிப்பைத் தந்தவன் முன்னிலையில் அதை நனைத்து மூக்கில் வைத்துப் பார்ப்பது அவனை அவமதிப்பதாகும். அவன் போனபின் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நேரே கிருமிநாசினியில் ஊறவைத்தேன். வாடை ஏதும் இருந்திருந்தால் அதில் போயிருக்கும். மறுநாள் ஹாஜியார் வந்ததும் பெட்டியைக் காட்டி, "பாட்ஜர், ஜேர்மனிச் சாமான், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை" என்றேன். நானாகவே சொன்னேன். அவர் கேட்கவுமில்லை.

எட்டு மாதங்கள், கிழமைக்கு இருமுறை, அந்தப் பிறஷினால் அவருக்கு நுரை வைத்தேன். மற்ற நால்வருக்கும் அதுவே. தொடக்கத்தில் சற்று முரடாக இருந்தது. நாளாக நாளாக மென்மையடைந்தது. இவ்வளவு எழுதிய எனக்கு அது எதைக் குறிக்கிறது என்று தெரியாதா? தெரியும். அன்று என் மனம் அந்தப் பக்கம் போகவில்லை. அவ்வளவு பெருமை.

ஹாஜியாரின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் குழந்தையின் தலைமயிரை மழிப்பது அவர்கள் வழக்கம். ஹாஜியார் கடைக்கு வந்து, அதை நானே செய்ய வேண்டும் என்றார். புத்தளத்திலிருந்து உறவினர் வருவார்கள் என்றும் சொன்னார். படியிறங்கும்போது திரும்பி, "அந்தப் பிறஷையே கொண்டுவாங்கோ, மாஸ்டர். பிள்ளைக்கு நோகாது" என்றார்.

பிறந்த குழந்தைக்கு என்பதால் பிறஷை நன்றாகச் சுத்தம் செய்ய எண்ணி, கழுவும் வன்னீரின் சுண்ணாம்புப் படிவு நீங்குவதற்காக வினாகிரி கலந்த வெந்நீரில் ஊறவைத்தேன். சற்று நேரத்தில் நீர் மண்ணிறமாயிற்று. பிறஷை எடுத்தபோது கறுப்புப் பட்டி மங்கியிருந்தது. அழுத்திப் பிழிந்தேன், சாயம் வடிந்தது. துவாயில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். நடுவில் தடிப்பு இல்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமன். ஒவ்வொரு நுனியும் இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்திருந்தது. என் பழைய பிறஷ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று.

சாயம் போட்ட பன்றி மயிர்.

மருமகனுக்கு அழைப்பெடுத்தேன். ஏதோ சந்தையில் வாங்கியதாகச் சொன்னான். பெட்டியில் எழுதியிருந்ததை நம்பினானாம். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன உரிமை? அவன் பிறஷ் பிடிப்பவனல்லன். என் மனைவி வேறு யோசனை சொன்னார்.

"தெரிஞ்சு செய்தனீங்களே? இல்லைத்தானே. புதுசு ஒண்டு வாங்கிக்கொண்டு போங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"அப்ப அந்த மனிசன்ர நிம்மதியைக் கெடுத்துத்தான் உங்கட நிம்மதியோ?"

சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் நான் அறியாதவனல்லன். திரும்பி வந்து குடியமர்ந்தவர்களும் ஊரிலிருந்தவர்களும் ஒருவரையொருவர் இன்னும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தமிழன் கடையில் முஸ்லிம்களுக்குப் பன்றி மயிரால் சவரம் செய்தார்களாம் என்ற கதை எங்கே போய் நிற்கும்? முப்பது வருடத் தொழில், அதில் சேர்த்த பெயர், எல்லாம் ஒரு பிறஷில் போகலாம். எனினும் பாட்ஜர் என்று சொன்னது என் வாய். அந்தச் சொல் பொய்யென்று தெரிந்தபின் அதை அவர் காதிலேயே விட்டுவைக்க என்னால் இயலவில்லை.

மறுநாட் காலை கடையைத் திறக்காமல், பிறஷைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு நாயாற்றுக்குப் போனேன். ஹாஜியார் வாடியில் பாயில் கிடந்த கருவாட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை.

"ஹாஜியார், இது பாட்ஜர் இல்லை. பண்டி மயிர். சாயம் போட்டு வித்திருக்கிறாங்கள். எட்டு மாசமாய் உங்கட முகத்தில இதைத்தான் வைச்சனான்."

அவர் கையிலிருந்த கருவாட்டைப் பாயில் வைத்தார். கடதாசியைத் தொடவில்லை.

"ஆர் கண்டுபிடிச்சது?"

"நான்தான்."

"ஆரும் வந்து கேட்டவையோ?"

"இல்லை."

"வேற ஒரு பிறஷோட வந்து வேலையை முடிச்சிருக்கலாமே."

"முடிச்சிருக்கலாம். நான் சொன்ன பொய் அப்பிடியே கிடந்திருக்கும்."

குழந்தைக்கு வேறொருவரை ஒழுங்கு செய்யும்படியும், மற்ற நால்வரிடமும் நானே நேரில் போய்ச் சொல்லப்போவதாகவும் கூறினேன். அவங்கள் இதை ஊரெல்லாம் கொண்டு திரிவாங்கள் என்று எச்சரித்தார். திரியட்டும் என்றேன். அவர் தண்ணீர்ப் பீப்பாவை நோக்கி நடந்தார்.

"ஏழு தரம் கழுவவேணும், அதில ஒருதரம் மண் கலந்து. நீங்கள் ஊத்துங்கோ. கண்ணுக்குள்ள மண் போகும், நான் கண்ணை மூடிக்கொள்ளுறன். எண்ணுறது உங்கட பொறுப்பு."

அவர் குனிந்தார். நான் வாளியால் அள்ளி ஊற்றினேன். முதலாவது நீரில் அவர் மண்ணைக் குழைத்து முகமெங்கும், தாடிக்குள்ளும், கழுத்திலும் பூசித் தேய்த்தார். என் வாழ்நாளில் எத்தனையோ முகங்களில் நுரை பூசியவன், ஒரு முகத்தில் மண் பூசப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றாக மனதுக்குள் எண்ணினேன். ஒரு தரம் ஊற்றி முடித்ததும் கண்ணைத் திறவாமலே, "ஆறோ?" என்று கேட்டார்.

"இல்லை. அஞ்சு."

"சரி, ஊத்துங்கோ" என்றார்.

முகத்தைத் துடைத்தபின், அந்த எட்டு மாதத் தொழுகைகளைப் பற்றி மௌலவியிடம் கேட்டுக்கொள்வதாகவும், அது என் பொறுப்பன்று என்றும் சொன்னார். கிண்ணம், துவாய்கள், கத்திப் பிடி, என் கைகள் எல்லாவற்றையும் எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வரிசையாக விளக்கினார். குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அன்றே நால்வர் வீட்டுக்கும் போனேன். இருவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாமவர், ஓர் ஆசிரியர், நேரில் வந்து சொன்னதற்கு நன்றி கூறினார். நான்காமவர் புடைவைக் கடைக்காரர். வாசலை விட்டு உள்ளே வரவேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, "வேணுமெண்டுதானே செய்தனீங்கள்" என்றார். இல்லையென்று ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்ல என் மானம் இடம் தரவில்லை. அவர் பின்னர் என் கடைக்கு வரவேயில்லை. அவரை நான் குறை சொல்வதில்லை. மறுநாள் பொழுது படுவதற்குள் சந்தை முழுவதும் அதுதான் கதை. எங்கள் ஆட்கள் சிலர் வந்து, இதை ஏன் வெளியில் எடுத்தீர்கள் என்று கடிந்துகொண்டார்கள். நான் மண்ணும் நீரும் கொண்டு கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே ஆளுக்கொரு தனிப் பிறஷ் வாங்கி, ஒவ்வொன்றையும் நனைத்து முகர்ந்து, பெயர் எழுதி வைத்தேன்.

குழந்தை பிறந்த ஆறாம் நாள் பின்னேரம் ஹாஜியார் தொலைபேசியில் அழைத்தார். "நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு வாங்கோ. பிறஷ் ஒண்டும் வேண்டாம். கை போதும்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுக்குமுன் வைத்துவிட்டார்.

பிறஷ் இல்லாமல் நுரை கூட்டுவது இயலாதென்று பலர் எண்ணுவார்கள். இயலும். சவர்க்காரத்தைச் சீவல் சீவலாகச் சீவி உள்ளங்கையில் வைத்து, உடற்சூட்டில் இளகவிட்டு, மழைநீரைத் துளித்துளியாகச் சேர்த்து, மறுகையின் நான்கு விரலாலும் வட்டமாகத் தேய்க்க வேண்டும். மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். அன்று காலை ஹாஜியார் வீட்டு விறாந்தையில் இருபது பேர் பார்த்திருக்க, நான் அதைச் செய்தேன். அவர்கள் எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது. உள்ளங்கையில் நுரை தயிராக இறுகிப் பளபளத்தபோது, சின்னத்துரை முதலாளி இருந்திருந்தால் பத்திரிகை முழுவதையும் வாசித்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன். நான் கூட்டிய நுரைகளில் அதுவே மேலானது. அடக்கத்துக்காக இதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

குழந்தை தாயின் மடியில் உறங்கியது. உச்சிக்குழியைத் தவிர்த்து நெற்றியிலிருந்து பின்னோக்கி நுரையை விரலால் பரவினேன். குழந்தை விழிக்கவில்லை. புது பிளேட்டைப் பூட்டி வழித்துக்கொண்டு வந்தேன், முக்கால் பங்குக்கு மேல் முடிந்திருந்தது. அப்போது ஹாஜியாரின் தமையனார், புத்தளத்திலிருந்து வந்த முதியவர், கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தார்.

"சவர்க்காரத்தில என்ன கொழுப்பு? பிளேட் எங்கத்தையது? கையைக் கழுவினதோ?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் விடை இருந்தது. சவர்க்காரம் தேங்காயெண்ணெயில் செய்தது. உறையை எழுத்தெழுத்தாக வாசித்தே வாங்கியிருந்தேன். நான் வாய் திறக்குமுன் ஹாஜியார் தமையனிடம் திரும்பிக் குறுக்கிட்டார்.

"காக்கா, அவரைக் கேட்டுக் களைக்காதேங்கோ. பிழை இருந்தால் கேளாமலே வந்து சொல்லுற ஆள் அவர்."

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. நான் நிமிரவில்லை. குழந்தையின் இடது காதுக்குப் பின்னால் இன்னும் சிறிது மயிர் இருந்தது.